25 ஆயிரத்துக்குள்ள சின்ன லேப்டாப்: புதுச விட்டுட்டு பழைய டெல் லேட்டிட்யூட் 7290 ஏன் வாங்கினோம்

தம்பி பொண்ணு பி.காம் சிஏ (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) சேர்ந்திருக்கா. லால்குடில இருந்து திருச்சிக்கு தினமும் பஸ், பேக்ல ஏற்கனவே டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், அக்கவுன்டன்சி புக், இதோட லேப்டாப்பும் போகணும்னா 15.6 இன்ச் சரிப்படாது, அந்த சைஸ் சாதாரண காலேஜ் பேக்குக்குள்ள நுழையறதே கஷ்டம், சார்ஜரோட சேத்தா 2 கிலோ வந்துரும், நின்னுட்டே போற பஸ்ல அது தோள உடைச்சிரும். அதனால 11ல இருந்து 13 இன்ச்சுக்குள்ள, பட்ஜெட் 25 ஆயிரம், அதுக்கு மேல தம்பியால அப்ப முடியாத நிலைமை. போன ஜூன்ல நான் என்னென்ன பாத்தேன், எத ஏன் ஒதுக்கினேன், வாங்கினது ஒரு செமஸ்டர் ஓடினதுக்கு அப்புறம் எப்டி இருக்கு எல்லாத்தையும் எழுதறேன், இதே பட்ஜெட்ல பிள்ளைங்களுக்கு வாங்கப் போறவங்க நிறைய பேர் இருப்பீங்க.

மொதல்ல என்ன வேலைக்குன்னு உக்காந்து எழுதிட்டோம். டேலி, எக்ஸெல், கொஞ்சம் சி, கொஞ்சம் ஜாவா, பிபிடி செய்யணும், எப்பவாவது ஆன்லைன் கிளாஸ். கேம் கிடையாது, வீடியோ எடிட்டிங் கிடையாது. இதுல டேலி தான் பாதி விஷயத்த முடிவு பண்ணிருச்சு, ஏன்னா அது விண்டோஸ்ல ஓடற கணக்கு எழுதற சாஃப்ட்வேர்.

அதனால ஜியோபுக் அடிபட்டுப் போச்சு. 2023ல 16,499 ரூபாய்க்கு வந்தது அது, 11.6 இன்ச், 990 கிராம், பஸ்ல தூக்கிட்டுப் போக அதவிட நல்ல சைஸ் கிடையாதுன்னு தான் சொல்வேன், ஆனா உள்ள ஆண்ட்ராய்ட அடிப்படையா வச்ச ஜியோ ஓஎஸ், 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், பி.காம் பொண்ணுக்கு ஆகாது. குரோம்புக்கும், அதாவது விண்டோஸ் இல்லாம கூகுளோட குரோம் ஓஎஸ்ல ஓடற லேப்டாப்பும், அதே காரணத்துல போச்சு. ஆனா ஸ்கூல் பசங்களுக்கு, பாடம் பாக்க, டாக்ஸ்ல எழுத, பிரவுசர்லயே எல்லா வேலையும் முடியறவங்களுக்கு குரோம்புக் நல்ல சாய்ஸ், 2021ல இருந்து வந்த மாடலுக்கு 10 வருஷம் அப்டேட் தர்றதா கூகுள் சொல்லியிருக்கு. ஒண்ணே ஒண்ணு, அந்த 10 வருஷம் நீங்க வாங்கின நாள்ல இருந்து ஆரம்பிக்காது, அந்த மாடல் வெளிவந்த காலத்துல இருந்தே ஆரம்பிச்சிரும், அதனால ஆஃபர்ல கிடைக்குதுன்னு பழைய ஸ்டாக்க எடுக்கறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு அப்டேட் எந்த வருஷம் முடியுதுன்னு பாத்துக்கங்க.

அடுத்து புது விண்டோஸ் லேப்டாப். இங்க தான் ரொம்ப யோசிச்சோம், ஏன்னா தம்பிக்கு புதுசு தான் வேணும், பொண்ணுக்கு முதல் லேப்டாப், பழசு வாங்கிக் குடுத்தா நல்லாவா இருக்கும்னு அவனுக்கு மனசு கேக்கல. அது நியாயமான ஆசை தான், அதனால புதுசயும் முழுசா பாத்தேன்.

25 ஆயிரத்துக்குள்ள புதுசுன்னா பெரும்பாலும் செலரான், இன்டெல்லோட விலை கம்மியான ப்ராசசர். என்4020, இல்லன்னா என்4500. ரெண்டுலயும் கோர் (ப்ராசசருக்குள்ள வேலை செய்யற பகுதி) ரெண்டே ரெண்டு, த்ரெட்டும் (ஒரே நேரத்துல எடுத்துச் செய்யற வேலை வரிசை) ரெண்டு தான். விண்டோஸ் 11 பின்னாடி அப்டேட் இறக்க ஆரம்பிச்சுதுன்னா அந்த ரெண்டு கோரும் அதுலயே மாட்டிக்கும், நம்ம எக்ஸெல் ஃபைல தொறக்கறதுக்குள்ள பொறுமை போயிரும். சின்ன சைஸ் மாடல்ல இன்னொரு பிரச்சனை, நிறைய இடத்துல எஸ்எஸ்டி இருக்காது, இஎம்எம்சி தான் இருக்கும், போன்ல இருக்கற மாதிரி போர்டுலயே ஒட்டின ஸ்டோரேஜ். வேகம் சாதா சாட்டா எஸ்எஸ்டில பாதி வந்தாலே பெருசு, பின்னாடி கழட்டி பெருசா மாத்தவும் முடியாது. 64 ஜிபி இஎம்எம்சின்னு போட்டிருந்தா தொடவே தொடாதீங்க, விண்டோஸ் 11 ஓட குறைஞ்சபட்சமா கேக்கறதே 64 ஜிபி, அப்புறம் நம்ம ஃபைல எங்க வைக்கறது? இதுல என்100 சிப் கொஞ்சம் பரவால்ல, 2023ல வந்தது, நாலு கோர், கரன்டும் கம்மியா தான் எடுக்கும், ஆனா அத போட்டு சின்ன சைஸ்ல விக்கற கம்பெனி பேரெல்லாம் புதுசா இருந்துச்சு, சர்வீஸ் சென்டர் திருச்சில எங்க இருக்குன்னு கேட்டா கடைக்காரருக்கே தெரியல, விட்டுட்டேன்.

இன்னொண்ணு ஏஎம்டியோட ரைசன் 3 7320யூ ப்ராசசர். 7000 சீரீஸ்னு பாத்ததும் லேட்டஸ்ட்னு நெனைக்க வைக்கும். அந்த நம்பர்ல மூணாவது இலக்கத்த பாக்கணும், அது 2ன்னா ஜென் 2, அதாவது 2019 காலத்து டிசைன். சிப் மோசம்னு சொல்ல மாட்டேன், நாலு கோர் எட்டு த்ரெட், அவ வேலைக்குத் தாராளம். ஆனா அதுக்கு எல்பிடிடிஆர்5 ரேம் தான் போட முடியும், அது போர்டுலயே பத்தவச்சு வர்றது, 8 ஜிபி வாங்கினா கடைசி வரைக்கும் 8 ஜிபி தான். அதோட இந்த விலைல வர்றது எல்லாமே 14, 15.6 இன்ச். 11.6 இன்ச்ல நல்ல கம்பெனி புது விண்டோஸ் லேப்டாப் இப்ப கடைல பாக்கறதே அபூர்வமாயிருச்சு. சின்னதும் வேணும், நல்லதும் வேணும், புதுசும் வேணும்னா 50 ஆயிரத்துக்கு மேல தான் ஆரம்பிக்குது.

அப்ப தான் தம்பி கிட்ட தெளிவா சொன்னேன், புதுசு வேணும்னா பெருசா தான் வாங்கணும், சின்னது வேணும்னா ஆபீஸ்ல ஓடி முடிச்சு வர்ற பிசினஸ் லேப்டாப் தான்னு. ஐடி கம்பெனிங்க மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவ மொத்தமா மாத்தும், அப்ப வெளிய வர்ற லேப்டாப்ப சுத்தம் பண்ணி, பழுது பாத்து ரிஃபர்பிஷ்டுன்னு விப்பாங்க. புதுசா இருந்தப்போ அதோட விலை நம்ம பட்ஜெட் மாதிரி மூணு மடங்கு இருக்கும். உறுதியான பாடி, நல்ல கீபோர்டு, ஒரு கிலோ சொச்சம் வெயிட், எல்லாம் ஊர் ஊரா போற ஆபீசருங்களுக்காக செஞ்சது.

தம்பிக்கு அப்பவும் தயக்கம். அவன சம்மதிக்க வச்சது நான் சொன்னது எதுவும் இல்ல, எங்க சித்தப்பா வீட்டுல இருக்கற கவர்மென்ட் லேப்டாப் தான். 2011ல ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் திட்டத்துல அவர் பையனுக்கு கெடச்சது, அதுல ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட்னு ஒரு இலவச ஓஎஸ் ஏத்திக் குடுத்தேன், இன்னைக்கும் சித்தப்பா அதுல தான் யூட்யூப் பாக்கறார், மெயில் பாக்கறார். பழசுன்னாலே செத்துப்போனதுன்னு அர்த்தம் இல்லன்னு தம்பிக்கு அப்ப தான் நம்பிக்கை வந்துச்சு.

நான் சென்னைல இருக்கறதால எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் தான் போனேன். மெட்ரோல அரசினர் தோட்டம் எறங்கினா நடந்தே போயிரலாம். வெளியூர்க்காரங்க ஆன்லைன்லயும் வாங்கலாம், ஆனா ரிஃபர்பிஷ்டுல ஒவ்வொரு பீஸும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கைல எடுத்துப் பாத்து வாங்கறது தான் நல்லது. நான் நாலு மாடல் மனசுல வச்சிட்டுப் போனேன்.

லெனோவா திங்க்பேட் எக்ஸ்270, 12.5 இன்ச். கீபோர்டு இருக்கே, அத அடிச்சுப் பாத்தா வேற எதுவும் பிடிக்காது. பேட்டரி ரெண்டு, ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய கழட்டற மாதிரி, பழசானா நாமளே மாத்திக்கலாம். ஆனா ப்ராசசர் ஆறாவது, ஏழாவது ஜெனரேஷன். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடியப் போகுதுன்னு அப்பவே அறிவிச்சாச்சு, விண்டோஸ் 11 இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து தான் முறைப்படி ஏத்துக்கும். குறுக்கு வழில ஏத்தலாம், நானே எனக்கு ஏத்திப்பேன், காலேஜ் பொண்ணு கைல குடுக்கறதுக்கு அது சரி வராது. அதோட ஏழாவதுல ஐ5ன்னாலும் ரெண்டு கோர் தான், எட்டாவதுல ஐ5 நாலு கோர் எட்டு த்ரெட்டா ஆயிருச்சு, இன்டெல்ல ஒரு வருஷத்துல அவ்ளோ பெரிய தாவல் இந்த வகை லேப்டாப்புக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்ல. அதனால பழைய லேப்டாப் பாக்கறவங்க எட்டாவது ஜெனரேஷன்ங்கறத கோடு போட்டு வச்சுக்கங்க, அதுக்குக் கீழ எவ்ளோ விலை குறைஞ்சாலும் வேணாம்.

அதே திங்க்பேட்ல எக்ஸ்280, எட்டாவது ஜெனரேஷன், ரொம்ப லேசு, பாத்ததும் ஆசை வந்துச்சு. ஆனா ரேம் போர்டுலயே பத்தவச்சது. கடைல இருந்தது எல்லாம் 8 ஜிபி பீஸ், ஒதுக்கிட்டேன், 16 ஜிபி பீஸ் கெடச்சிருந்தா அதையே எடுத்திருப்பேன். ஒரு விஷயம், 2017, 18 காலத்து திங்க்பேட் சிலதுல டைப்-சி போர்ட கட்டுப்படுத்தற தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (போர்டுலயே பதிஞ்ச சாஃப்ட்வேர்) கோளாறுனால அந்த போர்ட் மக்கர் பண்ணும், லெனோவா அதுக்கு அப்டேட் விட்டிருக்கு, இந்தக் கால திங்க்பேட் எது வாங்கினாலும் அந்த அப்டேட்ட மொத வேலையா பாருங்க.

எச்பி எலைட்புக் 830 ஜி5, 13.3 இன்ச், ரேம் ஸ்லாட் ரெண்டு, பாக்க நாலு மாடல்லயும் இதுதான் அழகு. ஆனா நான் பாத்த கடைல இருந்த பீஸ் ஷூர்வியூ ஸ்க்ரீன் போட்டது. பக்கத்துல உக்காந்திருக்கறவங்க எட்டிப்பாக்க முடியாத மாதிரி செஞ்ச ஸ்க்ரீன், பேங்க்ல வேலை பாக்கறவங்களுக்கு ஓகே, நாலு பிள்ளைங்க சேந்து ஒரு ஸ்க்ரீன பாத்து பிராஜெக்ட் பண்றதுக்கு ஆகாது, நேரா பாத்தாலே கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. ஷூர்வியூ இல்லாத பீஸ் கெடச்சா தாராளமா வாங்கலாம்.

நாலாவது தான் டெல் லேட்டிட்யூட் 7290. 12.5 இன்ச், வெயிட் 1.2 கிலோ பக்கம், ரேம் ஸ்லாட் ஒண்ணு, கழட்டி மாத்தலாம், எஸ்எஸ்டியும் மாத்தலாம், எச்டிஎம்ஐ இருக்கு, லேன் கேபிள் நேரா சொருகலாம், ரெண்டு பெரிய யூஎஸ்பி, ஒரு டைப்-சி, டெல்லோட பழைய உருண்ட பின் சார்ஜர்லயும் ஏறும், டைப்-சி சார்ஜர்லயும் ஏறும். ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்ட பில்லோட 19,500, ஆறு மாசம் கடை வாரன்டி. 8 ஜிபினா 17,500 சொன்னாங்க, ரெண்டாயிரத்த பாக்காம 16 எடுத்தோம், 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தத்துக்கு அது ரொம்ப நல்லதா போச்சு. இப்ப வாங்கறவங்க ரேம் பின்னாடி போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, வாங்கும்போதே உள்ள என்ன இருக்கோ அதுக்கு பேரம் பேசுங்க.

கடைல பாக்க வேண்டியத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், இங்க ஒரு மணி நேரம் செலவு பண்ணா பின்னாடி நிறைய மிச்சம். 7290ன்னு ஒரே மாடல் பேர்ல ஏழாவது ஜெனரேஷன் ப்ராசசரும் வந்திருக்கு, அதனால மூடில இருக்கற ஸ்டிக்கர நம்பாம சிஸ்டம் உள்ள போய் ப்ராசசர் நம்பர் 8ல ஆரம்பிக்குதான்னு பாருங்க. அடில இருக்கற சர்வீஸ் டேக் நம்பர டெல் சைட்ல போட்டா அது எப்ப ஃபேக்டரில இருந்து கெளம்புச்சு, என்னென்ன பாகத்தோட வந்துச்சு எல்லாம் தெரியும். ஆன் பண்ணும்போது எஃப்2 அழுத்தி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) உள்ள போங்க, பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா அந்தப் பீஸ திருப்பிக் குடுத்துருங்க, பழைய கம்பெனி பூட்டின பூட்டு அது, கடைக்காரர் அப்புறமா எடுத்துத் தர்றேன்னு சொல்வார், எடுத்துட்டு வாங்க அப்புறம் பாக்கறேன்னு சொல்லுங்க. எஃப்12 அழுத்தினா டயக்னாஸ்டிக்ஸ்னு ஒண்ணு வரும், அத ஓட விட்டா ஸ்க்ரீன், ஃபேன், ரேம், டிஸ்க் எல்லாத்தையும் அதுவே சோதிச்சுக் காட்டும்.

பேட்டரிக்கு கடைக்காரர் வாய் வார்த்தைய வாங்காதீங்க. எல்லாருமே "நாலு மணி நேரம் நிக்கும் மேடம்"னு தான் சொல்றாங்க. கமாண்ட் பிராம்ப்ட் தொறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட்னு அடிச்சா ஒரு ரிப்போர்ட் வரும், அதுல ஒரிஜினல் கொள்ளளவு எவ்ளோ, இப்ப ஃபுல் சார்ஜ்ல எவ்ளோ ஏறுதுன்னு ரெண்டு நம்பர் இருக்கும். 7290ல 42, 60 வாட்ஹவர்னு ரெண்டு சைஸ் பேட்டரி வந்திருக்கு. மொதல்ல காட்டின பீஸ் 42, அதுலயும் 28 தான் மிச்சம். வேற பீஸ் கேட்டேன், கொஞ்சம் முகம் சுளிச்சார், ஆனா உள்ள போய் எடுத்துட்டு வந்தார், அது 60, 46 மிச்சம், அதத்தான் எடுத்தோம். ரெண்டும் ஒரே விலை! கேக்காம இருந்திருந்தா மொத பீஸ் தான் லால்குடி போயிருக்கும்.

கீபோர்ட பாருங்க. வெளிநாட்டுல இருந்து கன்டெய்னர்ல வர்ற சரக்குல ஜெர்மன், ஜப்பான் கீபோர்டெல்லாம் கலந்து வரும், எழுத்து இடம் மாறி இருக்கும். 4 கீ மேல ரூபாய் குறி இருந்தா நம்ம ஊருக்குன்னு வந்த கீபோர்டு. கேமரா இருக்கான்னும் பாருங்க, சில கம்பெனிங்க பாதுகாப்புக்காக கேமராவே இல்லாம ஆர்டர் பண்ணி வாங்கியிருக்கும், மூடில அந்த இடம் மொட்டையா இருக்கும்.

விண்டோஸ நானே புதுசா ஏத்தினேன். பிசினஸ் லேப்டாப்ல பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ லைசென்ஸ் கீ போர்டுலயே பதிஞ்சிருக்கும், நெட் கனெக்ட் பண்ணதும் தானா ஆக்டிவேட் ஆயிருச்சு. கடைல ஏத்திக் குடுக்கற கிராக் விண்டோஸ், கிராக் ஆபீஸ் எல்லாத்தையும் அழிச்சிருங்க, பொண்ணுங்க போட்டோவும் பேங்க் பாஸ்வேர்டும் இருக்கப் போற மெஷின்ல அந்த மாதிரி சாஃப்ட்வேர் இருக்கவே கூடாது, இதுல நான் யாருக்காகவும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

இப்ப ஒரு செமஸ்டர் முடிஞ்சாச்சு. டேலி பறக்குது. டேலி கத்துக்கறவங்களுக்குத் தெரியும், எல்லாமே ஃபங்ஷன் கீ தான், எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ். விலை கம்மியான லேப்டாப் நிறையதுல எஃப் கீ அழுத்தினா சவுண்டு கூடும், வெளிச்சம் குறையும், ஒவ்வொரு தடவையும் எஃப்என் சேத்து அழுத்தணும். இதுல எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேத்து ஒரு தடவ அழுத்தினா எஃப் கீ எல்லாம் எஃப் கீயாவே நின்னுரும். லைசென்ஸ் வாங்க வேண்டியதில்ல, எஜுகேஷனல் மோட்ல தான் கத்துக்கறா, 1, 2, 31 தேதில மட்டும் தான் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போட விடும், பழகறதுக்கு அது போதும்.

குறைன்னா முதல் குறை நம்பர் பேட் இல்ல. 12.5 இன்ச்ல அது வரவே வராது, இடம் இல்ல. அக்கவுன்ட்ஸ் படிக்கறவங்களுக்கு இது உண்மையான இழப்பு, மேல இருக்கற நம்பர் வரிசைல தொகைய அடிச்சு அடிச்சு சலிச்சுப் போறா. தனியா ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, வாங்கிக் குடுத்தாச்சு, வீட்டுல வச்சுக்கறா, காலேஜுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. உங்க பிள்ளைக்கு நாள் முழுக்க வவுச்சர் என்ட்ரி தான் வேலைன்னா, பஸ் பயணமும் இல்லன்னா, இந்த ஒரு காரணத்துக்காகவே 15.6 இன்ச் வாங்குங்க.

ரெண்டாவது குறை ஸ்க்ரீன். 1366க்கு 768, கொஞ்சம் சாய்ச்சா நிறம் வெளுத்துப் போகுது. டேலிக்குப் பிரச்சனை இல்ல, ஆனா எக்ஸெல்ல பெரிய ஷீட் தொறந்தா கொஞ்சம் வரி தான் தெரியும், அவ 80 சதவீதம் ஜூம்ல வச்சு பாக்கறா, அது கண்ணுக்கு நல்லதில்லன்னு எனக்கு கவலை தான். வீட்டுல டிவில எச்டிஎம்ஐ போட்டுப் பாருன்னு சொல்லிருக்கேன். படிக்கறது தான் முக்கிய வேலைன்னா, ஆராய்ச்சி படிக்கறவங்க, பிடிஎஃப் நாள் பூரா பாக்கறவங்க, ஃபுல் எச்டி ஐபிஎஸ் (சாய்ச்சாலும் நிறம் வெளுக்காத) ஸ்க்ரீன் போட்ட 13.3 இன்ச் பீஸா தேடுங்க, ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆனாலும் அங்க செலவு பண்ணுங்க.

ஸ்பீக்கர் சுமார். கேமரா வெளிச்சம் இருந்தா தான் மூஞ்சி தெரியும். ஃபேன் மட்டும் செப்டம்பர் வாக்குல சத்தம் போட ஆரம்பிச்சுச்சு, வாரன்டி இருந்ததால கடைல தூசி எடுத்து, ப்ராசசர் சூட்ட வெளிய கடத்தற தெர்மல் பேஸ்ட் புதுசா போட்டுக் குடுத்தாங்க, காசு கேக்கல, இப்ப அமைதியா ஓடுது. பழைய லேப்டாப் வாங்கினா இந்த தெர்மல் பேஸ்ட் வேலைய வாங்கற அன்னைக்கே பண்ணித் தரச் சொல்லுங்க, உள்ள இருக்கறது அஞ்சாறு வருஷம் காஞ்சு போனது.

பேட்டரி காலேஜ்ல டேலி லேப், எக்ஸெல், கொஞ்சம் யூட்யூப்னு அஞ்சு மணி நேரம் கிட்ட நிக்குது. சார்ஜர் வீட்டுலயே கெடக்கு. இன்னும் ஒன்றரை வருஷத்துல பேட்டரி மாத்த வேண்டி வரும்னு நெனைக்கறேன். பட்ஜெட்ல மிச்சமான அஞ்சாயிரத்து ஐநூறுல நம்பர் பேடுக்கும் பேக்குக்கும் போக பாக்கிய தம்பி அதுக்குன்னு தனியா போட்டு வச்சிருக்கான். மாத்தும்போது வெறும் விலைய பாத்து டூப்ளிகேட் எடுத்துராதீங்க, வீங்கிப் போச்சுன்னா அடில இருந்து டச்பேட தூக்கிட்டு வந்துரும், நெருப்புப் பிடிக்கற ஆபத்தும் இருக்கு. டச்பேட் லேசா மேல எழும்பின மாதிரி இருந்தாலே சார்ஜ் போடறத நிறுத்திட்டு கடைக்கு எடுத்துட்டுப் போகணும்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.